டர்பனில் ஓட்டுநர் உரிமம்: முகவரிச் சான்றிலிருந்து காந்த ஹோல்டர் வரை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் வந்து இறங்கிய முதல் வாரமே நான் லைசென்ஸ் அலுவலகத்துக்குப் போய்விட்டேன். அதுதான் நான் செய்த முதல் தவறு. பாஸ்போர்ட், விசா, நான்கு புகைப்படங்கள், திருநெல்வேலியில் எடுத்த பழைய லைசென்ஸ் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருந்தன. காலை ஐந்தரை மணிக்கு வரிசையில் நின்றவன் பத்தரை மணிக்கு ஜன்னலை அடைந்தேன். உள்ளே இருந்த அம்மையார் உறையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. “டிராஃபிக் ரெஜிஸ்டர் எண் எங்கே?” என்றார். அப்படி ஒன்று உண்டு என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

அதை வாங்கப் போனால் முகவரிச் சான்று கேட்டார்கள். வீட்டின் தண்ணீர், மின்சார பில் வீட்டுக்கார ஆன்ட்டியின் பெயரில் இருந்தது. தொடர்புக்கு ஓர் எண் எழுதிக் கொடுத்தேன். அந்த சிம் நடைபாதையில் வாங்கியது. அது வேறு யாருடைய பெயரிலோ பதிவாகியிருந்தது என்பது மூன்று மாதம் கழித்து எண் முடங்கியபோதுதான் தெரிந்தது. இப்படி முன்னுக்குப் பின்னாக அலைந்ததில், அட்டை கைக்கு வரப் பதினான்கு மாதங்கள் ஆயின. இங்கே ஒரு காகிதத்தைக் கொடுத்தால்தான் அடுத்த காகிதம் கிடைக்கும். வரிசை தெரிந்திருந்தால் இதில் பாதிக் காலம்கூட ஆகியிருக்காது. அந்த வரிசையைத்தான் கீழே தருகிறேன். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கோ, திருமணமாகியோ தென்னாப்பிரிக்காவுக்கு வருகிறவர்களை மனத்தில் வைத்து எழுதியது இது.

1. விமானம் ஏறுவதற்கு முன்

முதலில் உங்கள் இந்திய லைசென்ஸைக் கையில் எடுத்து, அது எந்தத் தேதி வரை செல்லும் என்று பாருங்கள். நான் பார்க்கவில்லை. இங்கே வந்த இரண்டாவது மாதம் அது காலாவதியாகிவிட்டது. கீழே எழுதியிருக்கும் அலைச்சல் முழுவதும் அதனால் வந்ததுதான். புதுப்பிக்க வேண்டிய காலம் நெருங்கியிருந்தால் ஊரிலேயே புதுப்பித்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஏனென்றால், தற்காலிக விசாவில் வருகிறவருக்கு இங்கே புது லைசென்ஸே தேவைப்படாமல் போகலாம். வெளிநாட்டு லைசென்ஸ் இன்னும் செல்லத்தக்கதாக இருக்க வேண்டும், தென்னாப்பிரிக்காவின் ஆட்சி மொழிகளில் ஒன்றில் இருக்க வேண்டும், உங்கள் படமும் கையெழுத்தும் அதில் இருக்க வேண்டும். இவ்வளவும் சரியாக இருந்தால் அதை வைத்தே ஓட்டலாம். ஆங்கிலம் இங்கே ஆட்சி மொழி என்பதால் நம் அட்டை லைசென்ஸுக்குச் சிக்கல் இல்லை. பழைய புத்தக வடிவ லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் அதை அட்டையாக மாற்றிக்கொண்டு வருவது நல்லது.

கூடவே சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் படிவம் 4ஏ, கட்டணம் 1000 ரூபாய், ஓராண்டு செல்லும். இதை இந்தியாவில்தான் வாங்க முடியும். விமானம் ஏறிய பிறகு நினைவுக்கு வந்து பயனில்லை. அது தனியாகச் செல்லாது. அசல் லைசென்ஸோடு சேர்த்துக் காட்ட வேண்டும். வாடகைக் கார் எடுக்கும்போதும், சாலையில் யாராவது நிறுத்திக் கேட்கும்போதும் பேச்சைக் குறைக்கும்.

ஊர் சிம்மில் சர்வதேச ரோமிங்கை அங்கேயே இயக்கிவிட்டு வாருங்கள். வங்கியின் ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் வரும். இங்கே வந்தபின் அதை இயக்கச் சொன்னால், உறுதிப்படுத்த அதே எண்ணுக்கு ஓ.டி.பி. அனுப்புவார்கள். கிணற்றில் விழுந்த வாளியை எடுக்க அதே வாளியைக் கேட்கிற கதைதான்.

பெயர் விஷயம் தனி. நம்மில் பலருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்காது. இருந்தாலும் அது அப்பாவின் பெயராக இருக்கும். இங்கே எல்லாப் படிவமும் குடும்பப் பெயரில்தான் தொடங்குகிறது. பிள்ளை, நாயுடு, மூட்லி, கவண்டர் என்று இங்குள்ள தமிழ், தெலுங்குக் குடும்பங்களுக்கு அது நாலைந்து தலைமுறையாக நிலைத்துவிட்டது. என்னை ஒரு காலை முழுவதும் என் அப்பாவின் பெயர் சொல்லி அழைத்தார்கள். நான் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று சும்மா உட்கார்ந்திருந்தேன். பாஸ்போர்ட்டில் உள்ளபடி ஒரே எழுத்துக்கூட்டலை முடிவு செய்து, வாடகை ஒப்பந்தம், சிம், லைசென்ஸ் எல்லாவற்றிலும் அதையே எழுதுங்கள்.

2. முகவரிச் சான்று

எல்லாம் தொடங்குவது இந்தக் காகிதத்தில்தான். உங்கள் பெயரும் முகவரியும் உள்ள, மூன்று மாதத்துக்கு உட்பட்ட ஒரு பில்லோ வங்கிக் கணக்கு அறிக்கையோ, அல்லது கையெழுத்தான வாடகை ஒப்பந்தமோ வேண்டும். புதிதாக வந்தவரிடம் எந்த பில்லும் இருக்காது. நான் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு வீட்டின் பின்புறத்து அறையில் குடியிருந்தேன். அவுட்பில்டிங் என்பார்கள். வாடகையை மாதாமாதம் கையில் கொடுப்பேன். ஒப்பந்தம் என்று எதுவும் இல்லை.

அப்படிப்பட்டவர்களுக்கு வழி, வீட்டுக்காரரின் பிரமாணப் பத்திரம். “இன்ன பாஸ்போர்ட் எண் கொண்ட இன்னார் என் வீட்டில் இன்ன தேதியிலிருந்து குடியிருக்கிறார்” என்று அவர் எழுதி, காவல் நிலையத்துக்கு வந்து, அதிகாரியின் முன்னால் கையெழுத்திட வேண்டும். அதிகாரி தம் கையெழுத்தும் முத்திரையும் இடுவார். இதற்குக் காசு கிடையாது. இந்தப் பத்திரத்தோடு வீட்டுக்காரரின் அடையாள அட்டை நகலையும் அவர் பெயரிலுள்ள பில்லையும் இணைக்க வேண்டும்.

இதில் இரண்டு இடத்தில் சறுக்குவார்கள். வீட்டிலேயே கையெழுத்துப் போட்டுக்கொண்டு போவது ஒன்று. அதிகாரியின் கண் முன்னால் போடாத கையெழுத்தை அவர் ஏற்க மாட்டார். எங்கள் ஆன்ட்டி முதல் நாள் சமையலறை மேஜையிலேயே அழகாகப் போட்டுவிட்டார். மறுநாள் புதுத் தாளில் மறுபடி எழுத வேண்டியதாயிற்று. நகல்களை மட்டும் கொண்டுபோவது மற்றொன்று. நகலில் “அசலைப் பார்த்தேன்” என்று முத்திரை வைக்கிற அதே ஆளுக்கு அசல் தேவை. அந்த முத்திரையையும் காவல் நிலையத்தில் இலவசமாகவே வைப்பார்கள். ஒரே நடையில் பாஸ்போர்ட், விசாப் பக்கம், முகவரிச் சான்று மூன்றுக்கும் நாலு நாலு பிரதிகள் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முத்திரைக்கும் வயது உண்டு. மூன்று மாதம் தாண்டியதைப் பல ஜன்னல்களில் திருப்பிக் கொடுக்கிறார்கள். ஆகவே நாற்பது பிரதிகள் எடுத்துக் குவிக்க வேண்டாம்.

3. சிம்

முகவரிச் சான்றை வைத்து அடுத்து வாங்க வேண்டியது சிம். இந்நாட்டில் எந்த சிம்மையும் ரீக்கா என்ற சட்டத்தின்படி ஒருவரின் பெயரில் பதிவு செய்தாக வேண்டும். பாஸ்போர்ட்டும் முகவரிச் சான்றும் கொடுத்தால் கடையிலேயே ஐந்து பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். பதிவுக்குக் கட்டணம் இல்லை. சிம் விலையும் சில ராண்ட்தான். வோடகாம், எம்.டி.என்., செல் சி, டெல்காம் ஆகியவை பெரிய நிறுவனங்கள். உங்கள் வீட்டிலும் வேலையிடத்திலும் எதற்கு சிக்னல் நன்றாக இருக்கிறது என்று பக்கத்து வீட்டாரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். விளம்பரத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

தெருவில் “ஏற்கெனவே பதிவானது, போட்டவுடன் வேலை செய்யும்” என்று சொல்லி விற்கும் சிம்மை வாங்காதீர்கள். அது வேறொருவர் பெயரில் இருக்கும். எண் முடங்கினால் உங்களுடையது என்று எந்தக் கடையிலும் நிரூபிக்க முடியாது. அதற்குள் அந்த எண்ணை வங்கிக்கும் வேலையிடத்துக்கும் லைசென்ஸ் அலுவலகத்துக்கும் கொடுத்திருப்பீர்கள். எனக்கு நடந்ததும் இதுதான்.

பேச்சுக்கான பணத்தை ஏர்டைம் என்கிறார்கள். பல்பொருள் அங்காடிகளில் பால், ரொட்டியோடு சேர்த்து பில் போடும் இடத்திலேயே வாங்கலாம். ரசீது மாதிரி ஒரு சீட்டில் எண் வரும். டேட்டாவை ஏர்டைமிலிருந்து நேராகச் செலவழிக்க விடாதீர்கள். தனி டேட்டாத் தொகுப்பாக மாற்றாவிட்டால் பணம் தண்ணீராகக் கரையும்.

போனில் ஸ்டார், ஹேஷ், பூஜ்யம், ஆறு, ஹேஷ் என்று அழுத்தினால் ஐ.எம்.இ.ஐ. என்ற, போனின் தனி அடையாள எண் வரும். அதை இன்றே ஒரு தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். போன் பறிபோனால், நிறுவனத்துக்குச் சொல்லி சிம்மையும் போனையும் முடக்க இந்த எண் வேண்டும். காவல் நிலையத்தில் வழக்கு எண் வாங்கவும் இது உதவும். அவசரத்துக்குக் காவல்துறை 10111, ஆம்புலன்ஸ் 10177, கைபேசியிலிருந்து பொதுவாக 112.

4. போக்குவரத்துப் பதிவு எண்

தென்னாப்பிரிக்க அடையாள எண் இல்லாதவர்களுக்கு அதன் இடத்தில் இந்த டிராஃபிக் ரெஜிஸ்டர் எண்தான். இது இல்லாமல் எல்.எல்.ஆர்., லைசென்ஸ், சொந்தமாகக் கார் பதிவு எதுவும் நடக்காது. என்னைத் திருப்பி அனுப்பிய ஜன்னலில் கேட்டதும் இதைத்தான்.

படிவத்தின் பெயர் ஏ.என்.ஆர். அதோடு பாஸ்போர்ட், செல்லத்தக்க விசா, முகவரிச் சான்று ஆகியவற்றின் அசலும் நகலும், இரண்டு புகைப்படங்களும். எனக்கு ஆறு வாரம் ஆனது. ஜோஹன்னஸ்பர்க்கில் இருக்கும் நண்பருக்குப் பத்து நாளில் வந்தது. விண்ணப்பம் கொடுத்தபின் வீட்டில் உட்கார்ந்து காத்திராதீர்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நேரில் போய்க் கேளுங்கள். என்னுடையது மூன்றாம் வாரமே தயாராகி ஒரு கோப்பில் படுத்திருந்ததாம்.

விசா முடிய இரண்டு மூன்று மாதமே இருந்தால் முதலில் விசாவைப் புதுப்பித்துவிட்டு இதில் இறங்குங்கள்.

5. எல்.எல்.ஆர்.

நாம் எல்.எல்.ஆர். என்பதை இவர்கள் லேர்னர்ஸ் என்கிறார்கள். கார் ஓட்டுவதற்கான லேர்னர்ஸ் எடுக்க உங்களுக்கு 17 வயது ஆகியிருக்க வேண்டும். முழு லைசென்ஸுக்கு 18. ஜோஹன்னஸ்பர்க் இருக்கும் கௌட்டெங் மாகாணத்தில் இணையத்திலேயே தேர்வு நாளைப் பதிவு செய்கிறார்கள். நான் டர்பனில் நேரில் போய் வரிசையில்தான் நின்றேன். எல்.எல்.1 என்ற படிவம், பதிவு எண் சான்று, பாஸ்போர்ட், முகவரிச் சான்று, புகைப்படங்கள் ஆகியவை தேவை. புகைப்படம் கறுப்பு வெள்ளையில் இருக்க வேண்டும் என்று சில மையங்கள் இன்னும் பிடிவாதமாக இருக்கின்றன. வேறு சில மையங்களில் அவர்களே கணினியில் படம் எடுத்துக்கொள்கிறார்கள். கறுப்பு வெள்ளையில் நாலு படம் எடுத்து வைத்துக்கொண்டால் எங்கும் நிற்க வேண்டியதில்லை. கண் பரிசோதனை அங்கேயே செய்வார்கள். கண்ணாடி போடுகிறவர் அதை மறந்துவிட்டுப் போனால் அன்றைய நாள் அவ்வளவுதான்.

கட்டணம் மாகாணத்துக்கு மாகாணம் மாறும். ஒவ்வொரு படிக்கும் சில நூறு ராண்ட் என்று கணக்கு வையுங்கள். பணமாகவும் கொஞ்சம், வங்கி அட்டையும் கையில் இருக்கட்டும். அட்டை இயந்திரம் வேலை செய்யவில்லை என்ற அறிவிப்பு, நீங்கள் ஜன்னலை அடைந்த பிறகுதான் ஒட்டப்படும்.

தேர்வு கொள்குறி வகை. சாலை விதிகள் 28 கேள்வி, அதில் 22 சரியாக வேண்டும். சாலைக் குறிகள் 28, அதில் 23. வண்டியின் கட்டுப்பாட்டுக் கருவிகள் 8, அதில் 6. மூன்றிலும் தனித்தனியாகத் தேற வேண்டும். ஒன்றில் தவறினால் மற்ற இரண்டும் வீண். இருபது வருடம் ஓட்டியவன் என்ற தைரியத்தில் படிக்காமல் போகாதீர்கள். கேள்விகள் விதியின் வார்த்தையைக் கேட்கின்றன. நம் அனுபவத்தை அல்ல. இந்நாட்டு ஓட்டுநர் தேர்வு முறையின் பெயரான கே53 என்று அட்டையில் போட்ட பயிற்சிப் புத்தகம் எல்லாப் புத்தகக் கடைகளிலும் இருக்கும். இரண்டு வாரம், தினம் ஒரு மணி நேரம் போதும்.

நமக்குத் தடுமாற்றம் தருகிற சிலவற்றை மட்டும் சொல்கிறேன். சாலை விளக்கை இங்கே ரோபோ என்பார்கள். “அடுத்த ரோபோவில் இடப்பக்கம்” என்று பயிற்சியாளர் சொன்னபோது நான் நிஜமாகவே எதையோ தேடினேன். நான்கு பக்கமும் நிறுத்தக் குறி உள்ள சந்திப்பில், முதலில் வந்து நின்றவர் முதலில் போவார். பெரிய வண்டி, சின்ன வண்டி பேதம் இல்லை. மின்தடையால் ரோபோ அணைந்திருந்தால் அந்தச் சந்திப்பும் இதே கணக்குத்தான். நடைபாதை ஓரத்தில் சிவப்புக் கோடு என்றால் நிறுத்தவே கூடாது, மஞ்சள் என்றால் வண்டியை விட்டுவிட்டுப் போகக் கூடாது. வேக வரம்பு ஊருக்குள் 60, ஊருக்கு வெளியே 100, அதிவேகச் சாலையில் 120. நம்மைப் போலவே இவர்களும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள் என்பது ஒரு பெரிய நிம்மதி.

தேறினால் கிடைக்கும் எல்.எல்.ஆர். 24 மாதம் செல்லும். நீட்டிக்க முடியாது. அதற்குள் ஓட்டுத் தேர்வில் தேறாவிட்டால் மறுபடி 28, 28, 8. ஓட்டும்போது பக்கத்தில் லைசென்ஸ் உள்ள ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும்.

6. பயிற்சியும் ஓட்டுத் தேர்வும்

ஊரில் எட்டுப் போட்டுக் காட்டிவிட்டு லைசென்ஸ் வாங்கியவர்களுக்கு இந்தத் தேர்வு ஓர் அதிர்ச்சி. இங்கே ஓட்டத் தெரிந்தால் போதாது. கே53 என்ற முறையில் ஓட்டத் தெரிய வேண்டும். வண்டியில் ஏறும் முன் சுற்றி நடந்து டயர், விளக்கு, கண்ணாடி, அடியில் எண்ணெய் ஒழுக்கு எல்லாம் பார்ப்பதாகக் காட்ட வேண்டும். காட்ட வேண்டும் என்பதுதான் முக்கியம். கண்ணை மட்டும் அசைத்தால் தேர்வாளருக்குத் தெரியாது. கழுத்தைத் திருப்புங்கள். எனக்குப் பயிற்சி தந்தவர் ஒரே வாக்கியத்தைத்தான் இரண்டு மாதமும் சொன்னார்: “தம்பி, தலை, தலை!” அவருக்குத் தெரிந்த பத்துப் பதினைந்து தமிழ்ச் சொற்களில் அது இரண்டு. ஒவ்வொரு சில வினாடிக்கும் கண்ணாடிகள், திரும்பும் முன் தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை, நின்றவுடன் ஹேண்ட்பிரேக். இது உடம்பில் ஊற வேண்டும்.

தேர்வு இரண்டு பகுதி. முதலில் மைதானம். கம்பங்கள் நட்ட ஒரு குறுகிய இடத்துக்குள் இருபுறமிருந்தும் ரிவர்ஸில் நுழைவது, இரண்டு வண்டிகளுக்கு நடுவே நிறுத்துவதுபோல் ஓரமாக நிறுத்துவது, மும்முனைத் திருப்பம், மேட்டில் நிறுத்திக் கிளப்புவது. அதில் தேறினால்தான் சாலைக்கு விடுவார்கள். கம்பத்தில் பட்டால் அங்கேயே தோல்வி. மேட்டில் வண்டி பின்னால் உருண்டாலும் அங்கேயே தோல்வி.

என் முதல் தேர்வு மேட்டில் முடிந்தது. ஹேண்ட்பிரேக்கைக் கொஞ்சம் அவசரப்பட்டு விட்டேன். வண்டி ஒரு சாண் தூரம் பின்னால் நகர்ந்தது. தேர்வாளர் பேனாவை மூடினார். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. மணி ஒன்பது இருபது. வீட்டுக்கு வந்து இரண்டாவது முறை காலைக் காபி குடித்தேன்.

மேட்டுக்கு வழி இது: ஹேண்ட்பிரேக்கை நன்றாக இழுத்துவிட்டு, முதல் கியரில், கிளட்சை மெல்ல விடுங்கள். ஓர் இடத்தில் எஞ்சினின் சத்தம் தணிந்து, பானட் ஒரு விரல் அளவு மேலே எழும். மாடு மூக்கணாங்கயிற்றை இழுப்பதுபோல் இருக்கும். அங்கே காலை அசையாமல் நிறுத்தி, கண்ணாடியும் தோளும் பார்த்துவிட்டு, அதன் பிறகு ஹேண்ட்பிரேக்கை விடுங்கள். பானட் எழுவதைப் பார்க்காமல் விடவே விடாதீர்கள்.

தோற்றால் மறுபடி விண்ணப்பம், மறுபடி கட்டணம், மறுபடி தேதிக்குக் காத்திருப்பு. எனக்கு இரண்டு மாதம். ஆகவே பயிற்சியில் காசைச் சேமிப்பதாக நினைக்காதீர்கள். நான் மணிக்கு 250 ராண்ட் கொடுத்துப் பதினாறு மணி நேரம் கற்றேன். தேர்வு நாளுக்குப் பயிற்சிப் பள்ளியின் வண்டியை வாடகைக்கு எடுக்க 800 தனி. சொந்த வண்டியிலும் போகலாம், ஆனால் விளக்கு, ஹாரன், டயர், முன்கண்ணாடியில் ஒட்டிய ஆண்டு உரிம வில்லை ஒவ்வொன்றும் சரியாக இருக்க வேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டியில் தேர்வு எழுதினால் அட்டையிலும் ஆட்டோமேட்டிக் என்றே வரும். பிறகு கியர் வண்டியைத் தொட முடியாது. கொஞ்சம் சிரமப்பட்டாலும் கியர் வண்டியில் எழுதுங்கள்.

பள்ளியில் கற்ற நாட்களுக்கு இடையே, ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வீட்டுக்கார அங்கிள் பக்கத்தில் உட்கார்ந்து என்னை மெரிபேங்க் வரை ஓட்ட வைத்தார். எழுபது வயது, இதயத்தில் பேஸ்மேக்கர். நான் ஓட்டியதைத் தாங்கியதற்கு அவருக்குத் தனியாக ஒரு லைசென்ஸ் தரலாம்.

மைதானத்துக்கு வெளியே “தேர்வு இல்லாமலே முடித்துத் தருகிறேன்” என்று ஒருவர் வருவார். எவ்வளவு களைத்துப்போயிருந்தாலும் அவரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள். பணமும் போகும், அட்டை போலி என்று தெரிந்தால் உங்கள் விசாவுக்கும் வினை. அதேபோல, பின்னாளில் சாலையில் யாராவது “கூல்டிரிங்க்” வாங்கித் தரச் சொன்னால் அது தாகமல்ல. லஞ்சத்துக்கு இங்கே உள்ள பெயர் அது. அபராதம் என்றால் எழுத்தில் கொடுங்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள்.

நிரந்தரக் குடியிருப்பு உரிமை கிடைத்தவர்களும், கையில் செல்லத்தக்க இந்திய லைசென்ஸ் இருந்தால் இந்த மைதானத்தைத் தவிர்க்கலாம். டி.எல்.1 படிவத்தோடு அசல் லைசென்ஸையும், அது உண்மையானதுதான் என்று இந்தியத் தூதரகத்திடமிருந்து ஒரு கடிதத்தையும் கேட்பார்கள். டர்பனிலேயே இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது. இதற்குக் காலக்கெடு உண்டு என்பதால், உரிமை வந்த மாதமே தொடங்குங்கள்.

7. அட்டை வரும் வரை

தேறிய அன்றே அட்டைக்குப் பணம் கட்டி, விரல் ரேகை கொடுக்கலாம். நாடு முழுவதற்கும் அட்டை அச்சிடும் இயந்திரம் ஒன்றே ஒன்று. 2025 தொடக்கத்தில் அது பழுதானபோது லட்சக்கணக்கான அட்டைகள் தேங்கின. எனவே ஆறு வாரம் என்று சொன்னால் மூன்று மாதம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். நடுவே ஓட்ட வேண்டுமென்றால் தற்காலிக உரிமத்துக்கும் சேர்த்து விண்ணப்பியுங்கள். அது ஒரு தாள். ஆறு மாதம் செல்லும். மழையில் நனையாமல் பாருங்கள். அட்டை ஐந்தாண்டு செல்லும்.

8. போன், காந்தம், லைசென்ஸ்

புதிதாக ஓட்டத் தொடங்கியவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைப் பற்றித்தான், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

ஓட்டும்போது போனைக் கையில் பிடிக்கக் கூடாது. தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்குவதும் அதே குற்றம்தான். வண்டியில் பொருத்தியிருந்தால் பயன்படுத்தலாம். ஆகவே போனைக் காந்தத்தால் ஒட்டி நிறுத்தும் காந்த ஹோல்டர் சட்டப்படி சரி. கேப் டவுன் போகிறவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். அங்கே கையில் பிடித்துப் பேசினால் போனையே பறிமுதல் செய்யும் நகர விதி இருக்கிறது.

காந்தம் லைசென்ஸைக் கெடுக்குமா? கெடுக்காது. அட்டையின் பின்னால் இருப்பது அச்சிட்ட பார்கோடு. அதில் காந்தத்துக்கு வேலை இல்லை. வங்கி அட்டையின் சில்லுக்கும் ஒன்றும் ஆகாது. ஆனால் அதன் பின்னாலுள்ள கறுப்புப் பட்டைக்கு ஆகலாம். கறுப்புப் பட்டை உள்ள பார்க்கிங் டிக்கெட் இன்னும் மென்மையானது. நான் ஒரு வணிக வளாகத்தில் டிக்கெட்டைப் போன் உறையின் காந்த மூடிக்குள் செருகி வைத்தேன். இரண்டு மணி நேரம் கழித்து இயந்திரம் அதைத் துப்பிக்கொண்டே இருந்தது. எனக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர். கடைசியில் தொலைந்த டிக்கெட்டுக்கு உரிய முழுத் தொகையைக் கட்டி வெளியே வந்தேன். அன்றிலிருந்து டிக்கெட் சட்டைப் பையில்.

வழிகாட்டி வரைபடம் காந்தத்தால் குழம்புமா? நின்றுகொண்டிருக்கும்போது குழம்பும். அப்போது போன் தன் திசைமானியை நம்பித்தான் அம்பைக் காட்டுகிறது. பக்கத்தில் காந்தம் இருந்தால் கடல் இருக்கிற திசையில் மலையைக் காட்டும். வண்டி நகர்ந்து சில மீட்டர் போனவுடன் செயற்கைக்கோளை வைத்துத் திசையைச் சரிசெய்துகொள்ளும். எனவே அம்பை நம்பி நின்ற இடத்திலிருந்து யூ திருப்பம் எடுக்காதீர்கள். போனின் முதுகில் ஒட்டும் இரும்புத் தகடு, கம்பியில்லா சார்ஜைத் தடுத்துச் சூடாக்கும். அப்படிச் சார்ஜ் செய்கிறவர்கள் காந்த வளையம் உள்ளேயே வைத்த உறையாக வாங்குங்கள். பசையால் ஒட்டும் ஹோல்டர் டர்பனின் பிப்ரவரிக் கோடை வெயிலில் மதியத்துக்குள் கழன்று காலடியில் விழும். ஏ.சி. துவாரத்தில் மாட்டும் வகை பரவாயில்லை.

ரோபோவில் நிற்கும்போது கண்ணாடியை உடைத்துப் போனைப் பறிப்பது இங்கே நடக்கிற விஷயம். ஆகவே ஹோல்டரை முன்கண்ணாடிக்குப் பக்கத்தில் உயரமாக வைக்காமல், ஸ்டியரிங்கின் ஓரமாகத் தாழ்வாக வையுங்கள். ஊருக்குள் வழி தெரிந்தால் வழி சொல்லும் குரலை மட்டும் ஒலிக்க விட்டுப் போனைக் கதவுப் பைக்குள் போடுங்கள். காந்தத்தின் ஒரே பெரிய வசதி, ஒரு கையால் சட்டென்று எடுத்து மறைக்க முடிவதுதான். வண்டியை நிறுத்திவிட்டுப் போகும்போது ஹோல்டரையும் கழற்றுங்கள். வெறும் ஹோல்டரைப் பார்த்தாலே உள்ளே போன் இருக்கிறது என்று நினைப்பார்கள்.

பேஸ்மேக்கர் வைத்தவர்கள் காந்தம் உள்ள போனையும் உறையையும் மார்பிலிருந்து குறைந்தது 15 சென்டிமீட்டர் தள்ளி வைக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ரிவர்ஸ் எடுத்தபோது ஹோல்டரிலிருந்து போன் விழுந்தது. அங்கிள் அதை எடுத்து, நல்லெண்ணத்தோடு தம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இடப்பக்கப் பை. நான் பிரேக்கை அழுத்தி, நடுச் சாலையில் வண்டியை நிறுத்தி, “அங்கிள், அதை முதலில் வெளியே எடுங்கள்” என்று கத்தினேன். அவர் போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடியில் பின்னால் பார்த்துவிட்டு, நிதானமாகச் சொன்னார்: “ஹேண்ட்பிரேக் போடவில்லை, தம்பி.”